பஸ்ஸில் தட்டிக் கேட்பதா, பேசாமல் இருப்பதா?

யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே நான் அடிக்கடி பஸ்ஸில் பயணிப்பவள். நெரிசலைச் சாட்டாக வைத்துப் பெண்களை உரசுவோரைப் பலரும் காண்கிறார்கள். ஆனால் வாய் திறப்பவர்கள் குறைவு. "எங்களுக்கேன் வீண் சோலி?" என்பதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிய காலத்தில், வாய் திறக்காமல் இருந்துதான் பலர் வீடு வந்து சேர்ந்தோம். இன்று பஸ்ஸில் அதே மௌனம் தொல்லை கொடுப்பவனுக்கே துணை போகிறது.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வின்படி, இலங்கையில் 90 சதவீதமான பெண்கள் பஸ்களிலும் புகையிரதங்களிலும் பாலியல் தொல்லைக்கு உள்ளாகியுள்ளனர். அவர்களில் பொலிஸில் முறையிட்டவர்கள் 4 சதவீதம் மட்டுமே. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் இக்குற்றத்துக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

தட்டிக் கேட்பதென்றால் சண்டைக்குப் போவதல்ல. ஆள் குடித்திருந்தாலோ, கூட்டாளிகளோடு நின்றாலோ நேரே மோதுவது ஆபத்து. முதலில் அந்தப் பெண்ணோடு பேசுங்கள்: "தங்கச்சி, இஞ்சால வந்து இருங்கோ." அவள் தனியாக இல்லை என்பது அந்த ஆளுக்கும் விளங்கிவிடும். அடுத்து நடத்துநரிடம் மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரையும் துணைக்குக் கூப்பிடுங்கள்.

உடனடி ஆபத்தென்றால் 119; பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஆனால் ஆபத்து நீங்கிய பின், முறையிடுவதா இல்லையா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அவளது முகம் தெரியும் காணொளியை முகநூலில் போடாதீர்கள். ஊர் வாய்க்குப் பயந்தே பலர் பேசாமல் இருக்கிறார்கள்.