நார்க்கஞ்சா சாகுபடி: விதைப்புக்கு முன் கவனிக்க வேண்டுவன

ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ என்ற ஒரே பெயரால் பல செடிகளைக் குறிப்பிடுகிறார்கள். நம் வயல்களில் பசுந்தாள் உரத்துக்காகவும் நாருக்காகவும் விதைக்கும் சணப்பும் அவர்கள் கணக்கில் ஒரு ஹெம்ப். பிலிப்பைன்ஸ் தீவுகளில் வாழையினத்தினின்று எடுக்கும் கயிற்று நாரும் ஒரு ஹெம்ப். ஆனால் அப்பெயர் முதன்முதலில் உரித்தானது கஞ்சாச் செடிக்கே. போதைக்காகப் பயிரிடும் இனங்களும் நாருக்காகப் பயிரிடும் இனங்களும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. பின்னவற்றில் போதைச் சத்து மிகச் சொற்பம். தண்டின் பட்டையிலோ நீண்ட, உறுதியான நார் உண்டு. 2018-ஆம் ஆண்டில் உத்தராகண்ட் மாநிலத்தில் இதனை வியாபார முறையில் பயிரிட உரிமம் வழங்கப்பட்டது முதல், “நாமும் விதைக்கலாமா?” என்று உழவரும், “நூல் தறிக்கு ஒத்துவருமா?” என்று நெசவாளரும் கேட்கத் தொடங்கியுள்ளனர். இவ்விரு கேள்விகளையும் ஒன்றாக வைத்தே ஆராய்வது நலம்.

உழவர் கேள்விக்கு முதல் விடையைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாருக்காகவோ விதைக்காகவோ தொழில் நோக்குடன் கஞ்சா பயிரிட அரசு அனுமதி அளிக்கலாம் என்கிறது. அவ்வனுமதி இன்றிப் பயிரிடுவோருக்கு 20-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. “இது நார் ஜாதி” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இயலாது. தமிழ்நாட்டில் இத்தகைய அனுமதி அளிக்கப்படவில்லை. ஆதலால் எவரேனும் விதைப் பொட்டலத்துடன் வந்து, ஏக்கருக்கு இத்தனை லாபம் என்று கணக்குக் காட்டினால், நம் அங்கத்தினர் அவரிடம் முதலில் அனுமதிப் பத்திரத்தைக் கேட்பார்களாக. விதை விற்பவர் ஊரை விட்டுப் போய்விடுவார். பயிர் நிற்பது நம் நிலத்தில்.

இனி, அனுமதி உள்ள இடத்தில் இச்சாகுபடி எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். குமாவோன், கட்வால் மலைவாசிகளுக்கு இது புதுப்பயிர் அன்று. வீட்டை ஒட்டிய, மாட்டெரு நிறைந்த நிலத்தில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக இதனை விதைத்து வந்திருக்கின்றனர். விதையை வறுத்துத் துவையல் அரைப்பார்கள். நாரைத் திரித்துக் கயிறும், சாக்கும், ‘பங்கேலா’ என்னும் முரட்டுத் துணியும் செய்வார்கள். அந்த மலைகளில் நாம் அறிய வேண்டிய முதற்பாடம், இப்பயிரின் வெற்றி தோல்வி விதை மண்ணில் விழுமுன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது என்பதே.

நிலத்தை எடுத்துக்கொள்வோம். ஆழமாக உழப்பட்ட, வடிகால் உள்ள வண்டல் கலந்த மண் உகந்தது. இச்செடியின் ஆணிவேர் நேரே கீழிறங்குவது. அடிமண் இறுகியிருந்தால் வேர் மடங்கும், தண்டும் குட்டையாகும். முளைத்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளித்துப் போகும். பிறகு மீள்வது அரிது. விதைத்தபின் மழை பெய்து மேல்மண் ஓடு கட்டினாலும் முளை வெளிவரத் திணறும். எனவே மலைநாட்டார் பெருமழைக்கு முந்திய கோடை மாதங்களிலேயே நிலத்தைப் பண்படுத்தி விதைத்துவிடுகின்றனர்.

விதையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் மிகுந்த விதையாதலால் முளைப்புத் திறன் விரைவில் குன்றிவிடும். சென்ற ஆண்டு விதையே நம்பத்தக்கது. ஈரத்துணியில் நூறு விதைகளை எண்ணி முடிந்துவைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைத்தன என்று பார்த்தபின் விதைப்பு அளவை நிர்ணயிப்பது நம் உழவர்க்குப் பழகிய சோதனைதான். நாருக்கு ஏக்கருக்கு 20 கிலோ அளவில் நெருக்கமாக விதைப்பார்கள். நெருக்கத்தால் செடி கிளைக்காமல், ஒல்லியாக, நேராக ஓங்கும், நாரும் நீளும், நான்கைந்து வாரங்களில் நிலம் மூடிக்கொள்வதால் களையெடுப்பும் மிச்சம். விதைக்காகப் பயிரிடுவதாயின் கலக்க விதைப்பர். செடி புதர்போல் பரவும். ஒரே வயலில் உயர்ந்த நாரும் நிறைந்த விதையும் வேண்டும் என்பார் இரண்டிலும் குறைபடுவர்.

பிறிதொன்று, பகற்பொழுதின் நீளம். பகல் குறுகத் தொடங்கியதும் பூக்கும் இயல்புடையது இச்செடி. பூத்தபின் உயர்வது பெரும்பாலும் நின்றுவிடும். டேராடூனில் ஆண்டின் நெடிய பகல் ஏறத்தாழ 14 மணி நேரம். கோயம்புத்தூரிலோ பன்னிரண்டே முக்கால் மணிதான். நெடும்பகலுக்குப் பழகிய வடக்கத்தி இனத்தைத் தெற்கே கொணர்ந்து விதைத்தால், முழங்கால் உயரத்திலேயே பூத்து நிற்கக்கூடும். சட்டம் நாளையே இடங்கொடுத்தாலும், நம் அட்சரேகைக்கு ஏற்ற இனத்தைத் தேர்ந்தாலன்றி இங்கே நார் தேறாது என்பது நம் அபிப்பிராயம்.

உத்தராகண்ட் உழவரை உறங்கவிடாத கவலை வேறு. உலர்ந்த பூந்தலையில் டி.எச்.சி. என்னும் போதைச் சத்து நூற்றுக்கு 0.3 பங்கைத் தாண்டலாகாது; தாண்டினால் பயிரை அழித்துவிட வேண்டும். அம்மலைச் சரிவுகளில் காட்டுக்கஞ்சா தானாகவே மண்டிக் கிடக்கிறது. அதன் மகரந்தமோ காற்றில் பல மைல் செல்வது. அவ்வாறு வந்து சேரும் மகரந்தத்தால் அவ்வாண்டுப் பயிருக்குத் தீங்கில்லை. ஆனால் அதில் விளைந்த விதையை எடுத்துவைத்து அடுத்த பருவத்தில் விதைத்தால், கலப்புச் செடிகள் வரம்பை மீறிவிடலாம். விதைத்தவன், களை பார்த்தவன், எருவிட்டவன் ஒரு குற்றமும் செய்யாமலே தன் பயிரைத் தீக்கு ஒப்படைக்க நேரும். சொந்த விதையைப் பேணுவதே உழவனின் பெருமை என்று வளர்ந்த நமக்கு இது கசப்பான செய்தி. எனினும் இப்பயிரில் ஆண்டுதோறும் சான்று பெற்ற விதையை வாங்குவதே தற்காப்பு.

அறுவடைக்குப் பின்னர் வரும் ஊறலுக்கும் முன்பே இடம் பார்த்துவைக்க வேண்டும். ஆண் செடியின் நார் மெல்லியது. அது முன்னதாக முதிர்வதால் மலைநாட்டார் முதலில் அதனைப் பிடுங்குவர். பெண் செடி விதை முற்றி, ஐப்பசி கார்த்திகையில் அறுபடும். தண்டுகளைக் கட்டுகளாகக் கட்டி, கல்லேற்றி நீரில் அமிழ்த்துவார்கள். நீர் வெதுவெதுப்பாக இருப்பின் ஒரு வாரம் போதும். குளிர்நீரில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். கட்டின் நடுவிலிருந்து ஒரு தண்டை உருவி ஒடித்தால், நார் கட்டையினின்று வழுக்கிக் கழன்று வர வேண்டும், அதுவே பதம். ஒரு நாள் முந்தினால் நாரோடு கட்டை ஒட்டும். இரண்டு நாள் பிந்தினால் நார் நைந்துவிடும். உலர்ந்த தண்டின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே நார். எஞ்சிய கட்டை கால்நடைக்குப் படுக்கையாகும். சுண்ணாம்புடன் கலந்து சுவர் எழுப்புவோரும் உளர். எல்லோராக் குகையின் சுவர்ப்பூச்சில் இச்செடி கலந்திருப்பதாக 2016-இல் ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கின்றனர்.

ஊறல் நீர் நாறும். உயிர்வாயு குன்றி மீன்கள் செத்து மிதக்கும். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1541-லேயே ஆறுகளிலும் பொதுக் குளங்களிலும் இதனை ஊறப்போடலாகாது என்று சட்டம் செய்ய நேர்ந்தது. ஊர்க்குளத்தைக் கெடுத்து எடுக்கும் நாரை எந்தச் சங்கமும் வாங்கலாகாது. ஊறலுக்குத் தனிக் குட்டை வெட்டப் பணமும் இடமும் உண்டா என்பதை விதைப்புக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு முன்னேற்பாடும் தனியொருவரால் ஆகுமா என்று கேட்பது நியாயமே. பிரான்ஸ் தேசத்தில் ஓப் என்னும் மாவட்டத்து உழவர்கள் 1973-இல் இதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அந்நாட்டில் உழவர் விதைக்குமுன் வாங்குவோருடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். விதை சான்று பெற்றது. தண்டினின்று நாரைப் பிரிக்கும் ஆலை சங்கத்தினுடையது. விலைக்காகத் தண்டைத் தலையில் சுமந்து தரகர் வாசலில் நிற்கும் நிலை அவர்களுக்கு இல்லை. நம் மலைநாட்டில் விதைப்பு உண்டு, கைத்திறன் உண்டு. இடையில் இருக்க வேண்டிய அந்த ஆலைதான் போதிய அளவில் இல்லை.

நெசவாளர்க்கு ஒரு சொல். நார்க்கஞ்சா நூலை வாங்கி நெய்யத் தடையில்லை. அதன் நம்பர் பருத்திக் கணக்கில் வராது. ‘லீ’ என்று குறித்திருந்தால் 2.8-ஆல் வகுக்க வேண்டும்: 28 லீ நூல் நம் 10-ஆம் நம்பருக்குச் சமம். மெட்ரிக் நம்பராயின் 17 என்பது ஏறத்தாழ அதே 10. நூல் இழுவைக்கு நெகிழாது. உலர்ந்த பிற்பகலில் பாவு அறும். மயிர் எழும்பி அச்சில் சிக்கும். நனைந்தாலோ உறுதி கூடும். ஆதலால் முதற்சோதனைக்குப் பருத்திப் பாவில் இதனை ஊடையாக மட்டும் செலுத்தி, தாரை ஈரத்துணியில் சுற்றிவைத்து, ஐந்து கெஜம் நெய்து பார்க்கலாம். துவைத்தபின் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து, நூல் விலையையும் அறுந்த இழைகளின் கணக்கையும் குறித்து வருவோர், அவற்றை நம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.