பலூன் ஊதினால் உதடு வீங்குதா? உஷார்!

ரப்பர் பால் 'அலர்ஜி' ஆளையே சாய்த்து விடும்

நெய்வேலி,

ரப்பர் கையுறை போட்டால் கை அரிக்கிறதா? பலூன் ஊதியதும் உதடு தடிக்கிறதா? பல் டாக்டர் வாய்க்குள் கை வைத்ததும் முகம் வீங்குகிறதா?

"உடம்பு சூடு, தானா சரியாப் போயிடும்" என்று விட்டு விடாதீர்கள். அது ரப்பர் பால் 'அலர்ஜி'யாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

நெய்வேலியில் ரப்பருக்குப் பஞ்சம் இல்லை. சுரங்கத்தில் வெட்டும் பழுப்பு நிலக்கரி கிலோமீட்டர் கணக்கில் ரப்பர் பெல்ட்டில் ஓடித்தான் அனல் மின் நிலையத்துக்குப் போகிறது. தொழிலாளி காலில் கம்பூட்ஸ். மின்சார வேலை செய்பவர் கையில் தடித்த கையுறை. ஆஸ்பத்திரி நர்சு கையில் மெல்லிய கையுறை.

"நாள் பூரா பெல்ட்டு பக்கத்துலதானே நிக்கிறோம், எங்களுக்கும் வருமா?" என்று தொழிலாளர்கள் கேட்கலாம்.

பயம் வேண்டாம். பெரிய பெல்ட்டை விட சின்னப் பலூன்தான் ஆபத்து!

பால்தான் காரணம்

ரப்பர் மரத்தைக் கீறினால் பால் வடியும். குமரி மாவட்டத்துத் தோட்டங்களில் தினமும் நடக்கும் வேலை இது. அந்தப் பாலில் புரதம் இருக்கிறது. சிலருடைய உடம்பு அந்தப் புரதத்தை விரோதி என்று நினைத்து சண்டைக்குக் கிளம்பி விடுகிறது.

கையுறை, பலூன், ஆணுறை ஆகியவற்றை அச்சை நேராகப் பாலில் முக்கி எடுத்துச் செய்கிறார்கள். அதனால் புரதம் மிஞ்சி நிற்கிறது.

பெல்ட், டயர் கதை வேறு. பாலை உறைய வைத்து, கழுவி, உலர்த்தி, கந்தகம் சேர்த்து சூட்டில் பதப்படுத்துகிறார்கள். அதில் இருந்து புரதம் வெளியே வருவது மிகவும் குறைவு.

3 வகை

எல்லா அரிப்பும் ஒன்று அல்ல.

முதல் வகை, வெறும் எரிச்சல். வேர்வை, சோப்பு, கையுறை மாவு ஆகியவற்றால் தோல் காய்ந்து வெடிக்கும். இது அலர்ஜியே அல்ல.

2-வது வகை, ரப்பரில் கலக்கும் ரசாயனத்தால் வருவது. போட்டதும் தெரியாது. ஒன்று, இரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். கம்பூட்ஸ் போடுகிறவர் காலிலும் வரலாம். தொல்லைதான், ஆனால் உயிரை வாங்காது.

3-வது வகைதான் மோசம். சில நிமிடத்திலேயே தடிப்பு, தும்மல், கண்ணில் அரிப்பு, மூச்சு இளைப்பு என்று வரிசையாக வரும். ரத்த அழுத்தம் இறங்கி ஆள் மயங்கி விழலாம்.

இங்கிலாந்துப் பெண்

1979-ல் இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெண்ணுக்கு ரப்பர் கையுறையால் கை தடித்தது. நட்டர் என்ற தோல் டாக்டர் அதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். அப்போது அது அபூர்வம்.

பிறகு எய்ட்ஸ் பயம் வந்தது. 1987-க்குப் பிறகு ஆஸ்பத்திரிகளில் கையுறை உபயோகம் மளமளவென்று ஏறியது. கூடவே அலர்ஜியும் ஏறியது.

கையுறைக்குள் தூவும் மாவு ரப்பர் புரதத்தைத் தூக்கிக் கொண்டு காற்றில் பறக்கும். கையுறையைத் தொடாதவருக்கும் மூச்சு இளைக்கும். மாவு தூவிய டாக்டர் கையுறைகளுக்கு அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை போட்டது.

யார் ஜாக்கிரதை?

தினமும் கையுறை போடும் டாக்டர், நர்சு, துப்புரவுத் தொழிலாளி. பல முறை ஆபரேஷன் ஆனவர்கள். முதுகெலும்பு பிளவோடு பிறந்த குழந்தைகள். ஆஸ்துமா, கரப்பான் உள்ளவர்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இந்த அலர்ஜி உள்ள சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி, வெண்ணெய்ப்பழம் தின்றாலும் வாய் அரிக்கும். ரப்பர் புரதமும் பழத்தின் புரதமும் ஒரே ஜாடை என்பதுதான் காரணம்.

என்ன செய்வது?

தோல் டாக்டரிடம் அல்லது அலர்ஜி டாக்டரிடம் போங்கள். உடனே வரும் அலர்ஜிக்கு ரத்தப் பரிசோதனை, ஊசி முனைப் பரிசோதனை உண்டு. ரசாயன வகைக்கு முதுகில் பட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் நீங்களே பலூன் ஊதி சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. ரப்பர் பாலை விட்டு விலகுவதுதான் வழி. நைட்ரைல், வினைல் கையுறை போடலாம். ஆனால் ரசாயன வகைக்காரர்கள் கவனிக்க வேண்டும்: நைட்ரைலிலும் அதே ரசாயனம் இருக்கக் கூடும். டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்.

மின்சார வேலை செய்பவர்களே, கை அரிக்கிறதே என்று கையுறையைக் கழற்றிப் போட்டு விட்டு வேலை செய்யாதீர்கள். ஷாக் அடித்தால் அலர்ஜி பார்க்க ஆள் இருக்காது. அதிகாரியிடம் சொல்லி மாற்றுக் கையுறை கேளுங்கள்.

ஆபரேஷன், பிரசவம், பல் பிடுங்குதல் எதுவானாலும் முன்கூட்டியே "எனக்கு ரப்பர் அலர்ஜி" என்று சொல்லுங்கள். ரப்பர் பால் இல்லாத சாமான்களைத் தயார் செய்து வைப்பார்கள்.

ஒரு நிமிடமும் வீணாக்காதீர்

மூச்சு முட்டினால், தொண்டை அடைத்தால், தலை சுற்றினால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சு விட சிரமப்பட்டால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள்.

உயிரைக் காப்பாற்றுவது அட்ரீனலின் ஊசி. தொடையில் போட வேண்டும். அரிப்பு மாத்திரையைக் கொடுத்து விட்டு "பார்க்கலாம்" என்று காத்திருந்தால் காரியம் கெட்டு விடும்.

அலர்ஜி உறுதியானவர்கள் ஒரு சீட்டில் "ரப்பர் பால் அலர்ஜி" என்று எழுதி சட்டைப் பையிலோ பர்சிலோ வைத்துக் கொள்ளுங்கள். மயங்கிக் கிடக்கும்போது உங்களுக்காகப் பேசப் போவது அந்தச் சீட்டுதான்.