இடுப்பில் குடம் வைக்கிறோமே, அந்த எலும்பைத் தெரியுமா?



மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் குழுக் கூட்டம் கோவில் திண்ணையில் நடந்தது. சந்தா வசூலித்து, கடன் தவணை எழுதி முடிப்பதற்குள் ஒரு அக்கா நாலு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தார். "என்னக்கா, உட்கார முடியலையா?" என்று கேட்டேன். "இடுப்பு கழண்டு போற மாதிரி இருக்கு கண்ணு. வெள்ளை படுதுல்ல, எலும்பெல்லாம் உருகிப் போச்சு. இனி என்ன செய்ய?" என்றார். பக்கத்தில் இருந்த மூன்று பேர் "எனக்கும் அப்படித்தான்" என்றார்கள். அன்றைக்குப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எலும்பு உருகி வெள்ளையாக வெளியே வரவே வராது. கொஞ்சம் வெள்ளை படுவது எல்லாப் பெண்களுக்கும் இயல்பு. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் அது தொற்றாக இருக்கலாம், மருந்தில் குணமாகும். "எலும்பு உருகிப் போச்சு" என்று நாமே முடிவு கட்டினால், தொற்றுக்கும் வைத்தியம் நடக்காது, இடுப்பு வலிக்கும் நடக்காது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தொட்டுப் பாருங்கள்

எழுந்து நின்று இடுப்பில் கை வையுங்கள். குடம் உட்காரும் இடத்தில் மேடாக ஒரு எலும்பு தட்டுப்படுகிறதா? அதுதான் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. இப்போது தரையில் உட்கார்ந்து, புட்டத்துக்கு அடியில் கையைக் கொடுத்துப் பாருங்கள். உருண்டையாகக் கையில் குத்துவதும் அதே எலும்பின் அடிப்பகுதிதான். நம் உடம்புப் பாரத்தை உட்காரும்போது தாங்குவது அதுவே.

வலதுபுறம் ஒன்று, இடதுபுறம் ஒன்று என்று இடுப்பெலும்பு இரண்டு. ஒவ்வொன்றும் மூன்று எலும்பு சேர்ந்தது. மேலே அகலமாக விரிந்திருப்பது இலியம். கீழே உட்காரும் பகுதி இஸ்கியம். முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே இருப்பது பியூபிஸ். சின்ன வயதில் இவை தனித்தனியாக, நடுவில் குருத்தெலும்போடு இருக்கும். வாலிப வயதில்தான் கெட்டியாகி ஒன்றாகும். பெண் பிள்ளைக்கு இடுப்பு வளர்ந்து முடியும் முன்பே பிரசவம் வந்தால் ஆபத்து அதிகம். 18 வயதுக்கு முன் கல்யாணம் வேண்டாம் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று எலும்பும் சேருகிற இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு கிண்ணம் இருக்கிறது. தொடை எலும்பின் உருண்டைத் தலை அதற்குள் பந்து போலச் சுழலும். அதனால்தான் குந்தவும், சம்மணம் போடவும், வரப்பைத் தாண்டவும் முடிகிறது.

இரண்டு இடுப்பெலும்பும் முன்னால் ஒன்றோடொன்று இணையும். பின்னால் முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்போடு இணையும். எல்லாம் சேர்ந்து ஒரு வளையம். குழந்தை பிறந்து வருவது இந்த வளையத்தின் வழியாகத்தான். கர்ப்ப காலத்தில் இந்த இணைப்புகள் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். கர்ப்பிணிகளுக்கு அங்கே வலிப்பது அதனால்தான்.

மூன்று தசைகள், மூன்று அடுக்கு

புட்டம் வெறும் கொழுப்பு என்று நினைக்காதீர்கள். உள்ளே மூன்று தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன.

1. பெரிய தசை (குளூட்டியஸ் மாக்சிமஸ்): மேலாக இருப்பது. இடுப்பெலும்பின் பின்பகுதி, முக்கோண எலும்பு, வால் எலும்பு ஆகியவற்றில் தொடங்கும். சாய்வாகக் கீழே இறங்கி, தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டையான நாரிலும், தொடை எலும்பின் பின்புறத்திலும் போய் ஒட்டும். குந்தியிருந்து எழ, படியேற, குனிந்து மூட்டையைத் தூக்கி நிமிர இதுதான் வேண்டும்.

2. நடுத் தசை (குளூட்டியஸ் மீடியஸ்): இலியத்தின் வெளிப்பக்கத்தில் விசிறி போல விரிந்து தொடங்கும். தொடையின் மேல்பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டில் போய் ஒட்டும்.

3. சின்னத் தசை (குளூட்டியஸ் மினிமஸ்): நடுத் தசைக்கு அடியில் இருக்கிறது. அதே மேட்டின் முன்பக்கத்தில் ஒட்டும்.

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு காலில்தான் நிற்கிறோம். வலது காலில் நிற்கும்போது இடது இடுப்பு கீழே சரியாமல் பிடித்து நிறுத்துவது வலதுபக்க நடுத் தசையும் சின்னத் தசையும். இவை பலவீனமானால் நடை வாத்து போல ஆடும். இடது இடுப்பிலேயே எப்போதும் குடம் சுமந்தால், வலதுபக்கத் தசைக்குத்தான் பாரம் கூடும். அதனால் பக்கத்தை மாற்றி மாற்றிச் சுமங்கள்.

வலி எங்கே, எதனால்?

படுக்கும்போது தொடையின் பக்கவாட்டு மேடு வலித்தால், அங்கே ஒட்டும் தசைநார் தேய்ந்திருக்கலாம். 40 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இது அதிகம். உட்காரும் எலும்பில் வலித்தால், தொடையின் பின்பக்கத் தசைகள் அங்கே ஒட்டுவதை நினைவில் வையுங்கள். முழங்காலை மடக்காமல் மணிக்கணக்கில் குனிந்து நாற்று நட்டால் அவை இழுபடும். அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து நில்லுங்கள். புட்டத்தில் தொடங்கி, காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி இறங்கினால் நரம்பு அழுந்தியிருக்கலாம்.

பெரிய தசைக்கு அடியில், புட்டத்தின் நடுவாகக் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. அதில் ஊசி பட்டால் பாதம் தொங்கிப்போகலாம். புட்டத்தில் ஊசி போட்டால் மேல், வெளிப்பக்கக் கால்பாகத்தில்தான் போட வேண்டும். கைக்குழந்தைக்குத் தொடையில் போடுவதே பாதுகாப்பு. படிக்காதவர்களிடம் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

தினம் பத்து நிமிடம்

- மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, புட்டத்தை மெதுவாகத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். 10 தடவை.
- ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்கி இறக்குங்கள். பக்கத்துக்கு 10 தடவை.
- நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். 10 தடவை.

வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளும் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சாப்பாட்டில் கேழ்வரகை விடாதீர்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு பலம் வேகமாகக் குறையும். அப்போதுதான் கூழும் களியும் கீரையும் மோரும் கூடுதலாக வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரி

வயதான அம்மா வழுக்கி விழுந்து, எழ முடியாமல், ஒரு கால் குட்டையாகவும் பாதம் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால், அநேகமாகத் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது. எண்ணெய் தேய்க்காதீர்கள், இழுத்துக் கட்டாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். "வயசாச்சு, கிடக்கட்டும்" என்று படுக்கையில் விட்டால் படுக்கைப்புண்ணும் நெஞ்சுச் சளியும்தான் உயிரை வாங்கும்.

இடுப்பு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் செயலிழப்பது இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சல், உடல் இளைப்பு, ராத்திரி விடாத வலி இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த அக்காவை இரண்டு பேர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். தொற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள், அது சரியானது. இடுப்பு வலிக்குப் பயிற்சி சொன்னார்கள். "முழுசா போகலை. ஆனா உருகலைன்னு தெரிஞ்சதே பாதி பாரம் இறங்கின மாதிரி இருக்கு" என்றார். போன கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

உங்கள் குழுவிலும் இப்படி எழுந்து எழுந்து உட்காரும் அக்கா ஒருவர் இருப்பார். கேளுங்கள்.