உங்களுக்குத் தெரியுமா? ஆண்டறிக்கை வாக்கியமும் வழக்காகும்!

ஆண்டறிக்கையில் ‘லாபம் எதிர்பார்க்கிறோம்’ என்பதும் ‘லாபம் ஈட்டினோம்’ என்பதும் நீதிமன்றத்தில் ஒன்றல்ல. எதிர்காலக் கணிப்போடு அதற்கே உரிய எச்சரிக்கையும் இருந்தால், அமெரிக்காவின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தைக் காக்கும். பொத்தாம்பொதுவான எச்சரிக்கை போதாது. முடிந்துபோன கணக்கில் சொன்ன பொய்க்கு அந்தக் கவசமே கிடையாது.

ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனம் சிக்கியது இதில்தான். கணக்கில் காட்டிய பணம் இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். அமெரிக்காவில் கூட்டாக வழக்குத் தொடுத்த முதலீட்டாளர்களுக்கு 12.5 கோடி டாலர் தர 2011இல் சத்யம் இசைந்தது. அத்தகைய கூட்டு வழக்குக்கு அன்று இந்திய நிறுவனச் சட்டத்தில் இடமில்லை.

இன்று உண்டு.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 245ஆம் பிரிவு, 2016இல் நடைமுறைக்கு வந்தது. 100 பங்குதாரர்கள் சேர்ந்தாலே மனு செய்யலாம். தவறான அறிக்கைக்காக இயக்குநர்களிடமும் தணிக்கையாளரிடமும் இழப்பீடு கேட்கலாம்.

மனு எங்கே போகும்? ராம்கோ சிமெண்ட்ஸ் உட்படப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பல நிறுவனங்களின் பதிவு அலுவலகம் ராஜபாளையத்தில் உள்ளது. அவ்வூர் நிறுவனம் எதன்மீதாவது இப்படி மனு வந்தால், அது அருகிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகாது. சென்னையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயமே விசாரிக்கும்.