முதியோர்க்கு எந்த மயக்க ஊசி?

சென்ற ஆண்டு என் ஆச்சியை வாசுதேவநல்லூரிலிருந்து திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றோம். வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் என்டாஸ்கோப்பி சோதனை. பத்து நிமிட வேலைதான். வெளியே வந்ததும், "எப்பம்லே குழாய விடுவாவ?" என்று கேட்டார்! போட்ட மருந்து மிடசோலம். அது கண்ணயரச் செய்வதோடு, அந்நேரத்து நினைவும் மனத்தில் பதியாமல் செய்துவிடும்.

இதற்கு முன் பெரிதும் வழங்கியது டயசிபாம். கொழுப்பில் கரைந்து தங்கிவிடும் மருந்து இது. உடலில் உள்ள அளவு பாதியாகக் குறைய 20 வயதினர்க்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். 80 வயதினர்க்கோ ஏறத்தாழ 90 மணி நேரம் என்று 1975இல் வெளியான ஆய்வு காட்டியது. பத்து நிமிடச் சோதனைக்கு நான்கு நாள் கிறக்கமா?

மிடசோலம் விரைவில் நீங்குவது. ஆயினும் 1985இல் அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றபின், மூச்சு அடங்கிச் சிலர் இறந்தனர். முதியோர் மூளை சிறிதளவு மருந்துக்கே கட்டுப்பட்டுவிடும் என்பதை உணராமல் அளவு மிஞ்சியதும், அபின் வகை வலிநீக்கிகளைச் சேர்த்துக் கொடுத்ததும் முக்கியக் காரணங்கள். இன்று அறுபதைக் கடந்தவர்க்கு முதல் ஊசி 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. அதையும் இரண்டு நிமிடமாவது எடுத்து மெல்லச் செலுத்தி, மேலும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஃபுளுமசெனில் என்ற மாற்று மருந்து இருப்பது ஆறுதல். ஆனால் மாற்று மருந்தின் வலிமை முன்னதாகத் தீர்ந்து, மீண்டும் உறக்கம் கவியலாம்.

சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் லெசித்தினும் கலந்த குழம்பாதலால் புரோபோபால் பாலைப்போல் வெண்மையானது. சில நிமிடங்களில் தெளிவு பிறக்கும். இரத்த அழுத்தம் சட்டென இறங்குவதும், மாற்று மருந்து இல்லாததும் இதன் குறைகள். மயக்கவியல் வல்லுநர் அருகில் இருந்தால் இதுவே மேல் என்பது என் கருத்து. 2020இல் ஜப்பானும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்த ரெமிமசோலம், சிறுநீரகத்தைப் பெரிதும் நம்பாமல் திசுக்களின் நொதிகளாலேயே சிதைந்துவிடும், ஃபுளுமசெனிலுக்கும் கட்டுப்படும்.

உறக்கமே வேண்டாமெனத் தொண்டையில் லிக்னோகெயின் தெளித்து முடித்துக்கொள்ளும் முதியவர்களும் உண்டு.

ஆச்சி அன்று இரவுவரை தள்ளாடினார். பிறகுதான் தெரிந்தது, முந்தின இரவு வழக்கமான தூக்க மாத்திரையையும் விழுங்கியிருந்தார். மருத்துவர் கேட்டபோது, "மாத்திரை ஒன்றுமில்லை" என்று சொன்னவன் நான்தான். அடுத்த முறை மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் சென்றேன்.