பனி பாடும், பாதையும் பாடும்... தெரியுமா?

மார்கழி விடியலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நாம் நடுங்கும் நேரத்தில், பூமி சூரியனுக்கு மிக அருகே போய்க்கொண்டிருக்கிறது, தெரியுமா? ஜூலையில் சுமார் 15 கோடியே 20 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும் பூமி, ஜனவரி முதல் வாரத்தில் 14 கோடியே 70 லட்சம் கி.மீ. வரை நெருங்கிவிடுகிறது. அடுப்பை நெருங்க நெருங்கக் குளிர்கிறதே, எப்படி? எல்லாம் பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான்! அந்தச் சாய்வு வட நாடுகளில் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனியில் வண்டி ஓட்டியவர்களுக்கும் வாத்தியம் வாசித்தவர்களுக்கும் என்னென்ன அதிசயங்கள் வாய்த்தன என்று பாருங்கள்!

பனிக்கு ஓசை என்றால் உணவு!

புதிதாகப் பெய்த பனியில் கோடானுகோடி காற்றுப் பொந்துகள். ஒலி அதற்குள் நுழைந்தால் திரும்பி வருவதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவர்களில் பஞ்சுப் பலகை ஒட்டுகிறார்களே, அதே வேலையை வானமே செய்து தருகிறது! முதல் பனி பெய்த காலையில் ஊரே வாயடைத்துப்போவது இதனால்தான்.

மணி கட்டியது அழகுக்கா?

குதிரை இழுக்கும் சறுக்கு வண்டிக்குச் சக்கரம் கிடையாது, கடகடப்பும் கிடையாது. பனியோ குளம்பொலியையும் விழுங்கிவிடும். திருப்பத்தில் எதிரே வண்டி வருவது எப்படித் தெரியும்? அதற்காகத்தான் குதிரைக்குச் சரம் சரமாக மணி கட்டினார்கள். நம்மூர் மாட்டு வண்டிச் சலங்கை போலவே, அதுதான் அந்தக் காலத்து ஹாரன்! உலகமே கிறிஸ்துமஸ் பாட்டு என்று பாடும் 'ஜிங்கிள் பெல்ஸ்' உண்மையில் இந்தப் பனிக்கால வண்டிச் சவாரியைப் பற்றியது. ஜேம்ஸ் பியர்பாண்ட் எழுதிய அந்தப் பாட்டு 1857 செப்டம்பரில், பனியே இல்லாத மாதத்தில், பாஸ்டனில் வெளிவந்தது. அதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே இல்லை! வேகமாக ஓட்டிப் பனிமேட்டில் கவிழ்ந்து விழும் விபத்துகூட உண்டு.

வைப்பரைத் தந்தவர் ஒரு பெண்!

1902-03 குளிர்காலம். அலபாமாவிலிருந்து நியூயார்க் வந்த மேரி ஆண்டர்சன் டிராமில் போகிறார். கண்ணாடியில் ஈரப்பனி அப்பிக்கொள்ள, வெளியே பார்ப்பதற்காக ஓட்டுநர் முன்கண்ணாடியையே திறந்து வைத்துக்கொண்டு குளிரில் நடுங்குகிறார். மேரிக்கு மனசு கேட்கவில்லை. உள்ளேயிருந்தே பிடியைத் திருப்பினால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும் கருவியை வடிவமைத்தார். 1903 நவம்பர் 10-ல் காப்புரிமையும் கிடைத்தது. வாங்கத்தான் ஆளில்லை! காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு வைப்பர் இல்லாத காரே இல்லை என்றானது. அவருக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அடுத்த மழையில் வைப்பரைப் போடும்போது அந்த அம்மையாரை ஒரு நொடி நினையுங்கள்.

சீட் பெல்ட் போட்டால் குற்றம்!

எஸ்டோனியாவில் கடல் உறையும் ஆண்டுகளில், கரையிலிருந்து ஹீயுமா தீவுக்குக் கடல்மேலேயே சுமார் 25 கி.மீ. சாலை திறக்கிறார்கள். அங்கே சீட் பெல்ட் போடக்கூடாது. பனிக்கட்டி உடைந்தால் சட்டென்று வெளியே குதிக்க வேண்டுமே! இன்னொரு விதி இதைவிட விசித்திரம்: மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்குக் கீழே போகலாம், 40-க்கு மேலேயும் போகலாம், இடைப்பட்ட வேகத்தில் மட்டும் போகக்கூடாது. வண்டியின் பாரம் பனிக்கட்டியை அமுக்கி, அடியிலுள்ள நீரில் அலை எழுப்புகிறது. அந்த அலையும் வண்டியும் ஒரே வேகத்தில் ஓடினால் அலை பெருத்துப் பனிக்கட்டியைப் பிளந்துவிடும்!

குளிரில் சுருதி இறங்கும்!

20 டிகிரி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலி, 0 டிகிரியில் 331 மீட்டர்தான் ஓடுகிறது. அதனால் குளிரில் புல்லாங்குழலின் சுருதி இறங்கிப்போகும். தந்தி வாத்தியங்களுக்கோ மரமும் தந்தியும் சுருங்கிச் சுருதியே நிற்காது. 2009 ஜனவரி 20-ல் ஒபாமா பதவியேற்ற மேடையில் யோ-யோ மா செல்லோவும் இட்ஸாக் பெர்ல்மன் வயலினும் வாசித்ததை உலகமே பார்த்தது. ஆனால், கேட்டது இரண்டு நாள் முன்பே பதிவு செய்த இசையை! அவ்வளவு பெரிய மேதைகளையும் வாஷிங்டன் குளிர் பணியவைத்துவிட்டது.

அதே குளிர்தான் உலகின் உன்னத வயலின்களுக்குத் தாய் என்றும் ஒரு கருத்து உண்டு. 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் அரிதாகி, ஐரோப்பா கடுங்குளிரில் கிடந்தது. அந்தக் குளிரில் ஆல்ப்ஸ் மலை மரங்கள் மெல்ல மெல்ல வளர்ந்து, வளையங்கள் நெருங்கி இறுகின. அந்த மரம்தான் ஸ்ட்ராடிவாரி என்ற கலைஞர் செய்த வயலின்களின் நாதத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று 2003-ல் இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

உருகும் வாத்தியம்!

நார்வேயின் டெர்யே இசுங்செட் பனிக்கட்டியைச் செதுக்கியே கொம்பும் தாளக் கருவிகளும் செய்து வாசிக்கிறார். 2006-ல் யைலோ என்ற மலையூரில் இதற்கென்றே ஒரு விழா தொடங்கியது. கொம்பை ஊதுகிறவரின் மூச்சுச் சூடே கொம்பைக் கரைக்கிறது. கச்சேரி முடிந்ததும் வாத்தியம் மறுபடி தண்ணீர்!

டயரே வாசிக்கும் ராகம்!

ஜப்பானின் பனித்தீவு ஹொக்கைடோவில் ஷிசுவோ ஷினோடா என்பவர் தவறுதலாகப் புல்டோசரால் சாலையைக் கீறிவிட்டார். அதன்மேல் வண்டி போனபோது ஒரு சுரம் கேட்டது! கீறல் நெருங்கினால் சுரம் ஏறும், விலகினால் இறங்கும். இந்த யோசனையில் பிறந்த பாடும் சாலைகள் இன்று ஜப்பானில் பல இடங்களில் உண்டு. சொன்ன வேகத்தில் போனால்தான் பாட்டு சரியாக வரும், ஆகவே விரட்ட மனசு வராது.

ஸ்காட்லாந்திலோ பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் லாரிகளுக்கே பாடகர் பெயரும் பாட்டுப் பெயரும்! ஒன்று 'கிரிட்னி ஸ்பியர்ஸ்', இன்னொன்று 'யெஸ் சர், ஐஸ் கேன் பூகி'. எந்த லாரி இப்போது எங்கே போகிறது என்று மக்கள் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு மணியோசை!

1965 டிசம்பர் 16. ஜெமினி 6 விண்கலத்திலிருந்து வால்ட்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபோர்டும் பரபரப்பாகப் பேசுகிறார்கள்: வடக்கிலிருந்து தெற்கே ஏதோ ஒன்று பறந்து போகிறதாம்! தரையிலிருப்பவர்கள் திகைத்து நிற்க, ஒரு குட்டி மவுத் ஆர்கனும் சில மணிகளும் ஒலிக்கின்றன. 'ஜிங்கிள் பெல்ஸ்'! விண்வெளியில் வாசிக்கப்பட்ட முதல் வாத்தியங்கள் அவைதாம். இருவரும் ரகசியமாக எடுத்துப் போனவை, இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பனி ஓசையை விழுங்குகிறதே என்று குதிரைக்குக் கட்டிய மணி, கடைசியில் ஓசையே போகமுடியாத வெற்றுவெளி வரை போய் ஒலித்துவிட்டது! நிசப்தம் எங்கே இருந்தாலும் மனிதன் அங்கே ஒரு மணியோடு போய்விடுகிறான்.