விரல் அழுத்தமும் நீரிழிவும்



என் தமையனார் மகனுக்குப் பதினாறாம் வயதில் நீரிழிவு கண்டது. கணையம் இன்சுலின் சுரவாமையால் நாள்தோறும் ஊசியே அவனுக்குத் துணையாயிற்று. ஒருநாள் உறவினர் ஒருவர் வந்து, "கையிலும் காலிலும் சில இடங்களை அழுத்தினால் போதும், ஊசி வேண்டா" என்றார். அழுத்துவதால் என்ன கேடு வந்துவிடும் என்று நானும் வாளா இருந்தேன். ஊசியை நிறுத்திய மூன்றாம் நாள் பையன் ஓயாது வாந்தி எடுத்தான், மூச்சு இரைத்தது, அம்மூச்சில் கனிந்த பழத்தின் வாடை வீசியது. மருத்துவமனையில் இன்சுலினும் உப்புநீரும் ஏற்றி அவன் உயிரை மீட்டனர். அன்று கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அழுத்த மருத்துவம் சீன நாட்டில் தோன்றியது. உடலில் உயிராற்றல் ஓடும் பாதைகள் உண்டு என்பதும், அவற்றின்மீதுள்ள புள்ளிகளை அழுத்தினால் நோய் தணியும் என்பதும் அதன் கொள்கை. முழங்காற் சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, வெளிப்புறமாக உள்ள புள்ளியைச் 'சூசான்லி' என்பர். உடற்கூற்று அறிஞர் இப்பாதைகளைக் கண்டதில்லை. ஆயினும் பயனே இல்லை எனல் ஆகாது. மணிக்கட்டின் உட்புறம், மூன்று விரற்கடை மேலே அழுத்தினால் குமட்டல் தணிவதற்குச் சான்று உண்டு. நீரிழிவைப் பற்றிய ஆய்வுகளோ முடிவு கூறப் போதாதன. மன இறுக்கம் குருதிச் சர்க்கரையை ஏற்றும். ஆதலின் அமைதி தரும் எதுவும் ஓரளவு உதவக்கூடும். அவ்வளவே.

1921-ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் அதனை முதன்முதல் பெற்றான். அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. எந்த விரலழுத்தமும் அச்சுரப்பிற்கு ஈடாகாது.

அழுத்தம் செய்துகொள்ள விரும்புவோர் மருத்துவரிடம் கூறிவிட்டே செய்க. மருந்தைத் தாமாகக் குறைக்க வேண்டா. பயன் உண்டா என்பதை நம்பிக்கையால் அன்று, அளவையால் அறிக. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், அதில் படிந்த சர்க்கரையை அளந்தால் மூன்று மாத நிலை தெரிந்துவிடும். உணர்ச்சி குன்றிய பாதங்களில் வன்மையாக அழுத்தினால், புண் உண்டாகியும் வலி தோன்றாது. அங்கே விரல் வைக்காதிருப்பதே நன்று.

துணை துணையாகவே இருக்கட்டும். தூணைப் பிடுங்கிவிட்டு முட்டுக் கொடுப்பாருண்டோ? இன்று கல்லூரியில் பயிலும் அப்பையன், காலையில் ஊசி போட்டுக்கொண்ட பின்னரே உணவில் கை வைக்கிறான். அதைக் காணுந்தோறும், நான் வாளா இருந்த அந்நாள் என் நெஞ்சில் தைக்கிறது.